ஓரம் வெட்டாத பைண்டிங்

பழைய புத்தகங்களைச் சீரமைத்துத் தரும் ஒரு சேவையைப் பற்றி எழுதும்போது, தையல் உறுதியாக இருக்கிறதா, அட்டை நன்றாக வந்திருக்கிறதா, சொன்ன காலத்தில் திருப்பித் தந்தார்களா என்று பார்த்து முடித்துக்கொள்வது வழக்கம். இந்த மூன்றிலும் எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் நான் அனுப்பியவை மறைந்துபோன என் பாட்டி படித்த மூன்று புத்தகங்கள்: ஓர் அகராதி, வார இதழ்த் தொடர் ஒன்றின் தொகுதி, ஒரு சிறுகதைத் தொகுப்பு. படிக்கும் பைத்தியம் எங்கள் வீட்டில் அவருக்கும் எனக்கும் மட்டுமே இருந்தது; அவர் கைப்பட எழுதியவை என்று மிஞ்சியிருப்பவை எல்லாம் அந்தப் பக்கங்களின் ஓரங்களில்தான் இருக்கின்றன. அவற்றைப் புத்தம் புதிதாக ஆக்கித் தருவதை நான் சேவை என்றே சொல்ல மாட்டேன். எவற்றையெல்லாம் தொடாமல் விட்டார்கள் என்பதை வைத்துத்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஓரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சாதாரண பைண்டிங்கில் புத்தகத்தைப் பிரித்துத் தைத்து, முதுகில் பசை தடவிக் காயவைத்து, பிறகு கட்டிங் மெஷினில் கொடுத்து மேல், கீழ், முன் என்று மூன்று புறமும் வெட்டிவிடுவார்கள். கிழிந்த நுனியும் மடங்கிய மூலையும் பழுத்த விளிம்பும் அந்த வெட்டோடு போய்விடுவதால் புத்தகம் பளிச்சென்று ஆகிவிடும். வெட்டுவது அரை சென்டிமீட்டர்தான் என்றாலும், ஓரத்தில் எழுதும் பழக்கமுள்ளவர்களின் புத்தகத்தில் அந்த அரை சென்டிமீட்டரில் ஒவ்வொரு வரியின் முதலெழுத்தோ கடைசி எழுத்தோ நின்றுகொண்டிருக்கும். பல நூற்றாண்டுப் பழமையுள்ள நூல்களிலேயே, பின்னாளில் மறுபைண்டிங் செய்தவர்களின் கத்தி பட்டுப் பாதி வாக்கியத்தோடு நின்றுபோன குறிப்புகளைப் பார்க்கலாம்.

பாட்டி ஓரத்தை வீணாக விட்டவர் அல்லர். பிடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நெடுங்கோடு போடுவார்; நம்ப முடியாத இடத்தில் கேள்விக்குறி; ஒரு பாத்திரம் முட்டாள்தனமாக நடந்துகொண்டால் ‘ஐயோ’ என்ற ஒற்றைச் சொல். இவற்றைவிட அதிகமாக இருப்பவை பிழைத் திருத்தங்கள். அச்சில் விடுபட்ட ஒற்றெழுத்தைப் பென்சிலால் அந்த இடத்திலேயே பொடியாகச் செருகியிருப்பார். ஒற்று மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருந்தால் அதன் மேல் ஒரு குறுக்குக்கோடு இழுத்திருப்பார். யாரும் கேட்டுச் செய்த வேலையல்ல. அடுத்து எடுப்பவர் பிழையில்லாமல் படிக்கட்டும் என்பது அவர் எண்ணம். அடுத்து எடுப்பது பெரும்பாலும் நான்தான். பள்ளி நாட்களில், அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஒரே வெறியில் சில நாவல்களை வரி விடாமல் படித்திருக்கிறேன். அப்படிக் கண்டுபிடித்த இடங்களில் என் கோணல் எழுத்தும், அதன் கீழே அவர் எழுதிய ‘சரி’யும் இருக்கின்றன. ஓரிடத்தில் ‘தவறு, இலக்கணத்தைப் பார்’ என்றும் இருக்கிறது. இந்தப் புத்தகங்களைக் கட்டிங் மெஷினுக்குக் கொடுக்க முடியாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை.

சேவை நடத்துபவர்கள் புத்தகத்தை வாங்குவதற்கு முன்பே படங்களைக் கேட்கிறார்கள்: முதுகு, உள்ளட்டை, மிகவும் சிதைந்த பக்கம், எழுத்துள்ள ஏதேனும் ஒரு பக்கம். அதன் பிறகு தொலைபேசியில் பேசிய பெண்மணி அட்டையின் நிறத்தைப் பற்றியோ தங்க எழுத்தைப் பற்றியோ கேட்கவில்லை. “இதுல எதை மாத்தவே கூடாதுன்னு நினைக்கிறீங்க?” என்றுதான் ஆரம்பித்தார். மடித்து வைத்த மூலைகளை நிமிர்த்தலாமா, பக்கம் திருப்பும் இடத்தில் விரல் பட்டுப் பட்டுப் படிந்த கருமையைத் துடைக்கலாமா, உள்ளே கிடைக்கும் துண்டுத்தாள்களை என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு வரியைச் சுட்டும்படி வேண்டுமென்றே மடித்த மூலைக்கும், கவனக்குறைவில் மடங்கிப்போன மூலைக்கும் வித்தியாசம் உண்டு என்பதை நான் சொல்லாமலே அவர் புரிந்துகொண்டது எனக்கு நம்பிக்கை தந்தது. பேசியதெல்லாம் பின்னர் வேலைக்குறிப்பாக எழுத்தில் வந்து, நான் ஒப்புக்கொண்ட பிறகே பிரிக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் சொல்லும் விதி எளிமையானது: இன்று செய்வதை நாளை இன்னொருவர் கழற்ற முடிய வேண்டும். 1966 நவம்பரில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்துத் தேசிய மத்திய நூலகத்துக்குள் புகுந்தபோது, சேறு படிந்த லட்சக்கணக்கான நூல்களைக் காப்பாற்றப் பல நாடுகளிலிருந்து கைதேர்ந்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். நூல் பாதுகாப்பு என்பது பைண்டிங் தொழிலிலிருந்து பிரிந்து தனித் துறையாக வளர்ந்ததற்கு அந்த வெள்ளம் ஒரு முக்கியக் காரணம். கழற்றக்கூடிய பசை, குறைந்தபட்சத் தலையீடு என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான் உறுதிப்பட்டது. அதற்கு முன்பு, கிழியும் தாள்களை மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்குள் வைத்து ஒட்டிவிடுவதைப் பெரிய ஆவணக் காப்பகங்களே நல்ல வழி என்று நம்பியிருந்தன; அந்தப் படலத்தைப் பின்னால் பிரிப்பது பெரும்பாடாகிவிட்டது. என் புத்தகங்களில் கிழிசல்களை ஒட்டியது கோதுமை மாவுச்சத்துப் பசையும் ஜப்பானியத் திசுத்தாளும்தான். அந்தத் தாள் காகித மல்பெரி மரத்தின் பட்டை நாரால் ஆனது. நார்கள் நீளமானவை என்பதால் தாள் மெலிதாக இருந்தாலும் பிடித்துக்கொள்கிறது. ஒட்டிய இடத்தின் ஊடாக எழுத்தைப் படிக்கவும் முடிகிறது. நீர் பட்டால் பசை இளகி விட்டுவிடும்.

அகராதியின் நடுப்பக்கங்களில் எப்போதோ யாரோ ஒட்டிய செல்லோ டேப் இருந்தது. டேப் காலப்போக்கில் பழுப்பேறி உரிந்துவிடும், அதன் பசை மட்டும் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை போல் நின்றுவிடும் என்பது புத்தகம் வைத்திருப்பவர்கள் அனைவரும் கண்டதுதான். பசையைக் கரைக்கும் திரவம் மையையும் கரைத்துவிடக்கூடும் என்பதால், பாட்டி ஊற்றுப்பேனாவால் எழுதிய இடங்களில் டேப்பை எடுக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எழுத்தில்லாத பக்கங்களில் எடுத்தார்கள். கறை முழுதாகப் போகவில்லை, போகாது என்றும் சொல்லியிருந்தார்கள். பென்சில் குறிப்புகள் உள்ள பக்கங்களில் அழுக்கெடுக்கும் ரப்பர்த்தூளை அந்தக் குறிப்புகளுக்கு அருகில்கூடக் கொண்டுபோகவில்லை. பக்கத்தின் நடுப்பகுதி வெளுத்தும் ஓரம் அழுக்காகவும் இருப்பது பார்வைக்குச் சற்று விநோதம்தான். எனக்கு வேண்டியது அந்த அழுக்கு ஓரம்.

மூன்றில் இரண்டாவது புத்தகம்தான் இந்தச் செலவையெல்லாம் நியாயப்படுத்தியது. வார இதழ் ஒன்றில் தொடராக வந்த நாவலை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைத்த தொகுதி அது. தனித்தனித் தாள்களை அடுக்கி, முதுகிலிருந்து உள்ளே தள்ளி ஊசியால் துளைத்துப் பக்கவாட்டில் தைத்திருந்தார்கள். இப்படித் தைத்தால் வலுவாக இருக்கும், ஆனால் புத்தகம் விரியாது. உள்ளோரத்தைத் தையல் விழுங்கிவிடும். நான் சிறுவயதிலிருந்து பலமுறை படித்த தொகுதி என்றாலும், இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, வரியின் கடைசிச் சொல்லை எட்டிப் பார்த்துத்தான் படித்திருக்கிறேன். அந்தத் தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளின் உள்விளிம்பிலும் ஒரு திசுத்தாள் பட்டையை ஒட்டி, பட்டைகளை மடித்துத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். நேரம் பிடிக்கும் வேலை. எல்லாப் பக்கத்துக்கும் செய்திருக்கிறார்கள். இப்போது எந்த இடத்தில் திறந்தாலும் மேசைமேல் தட்டையாகக் கிடக்கிறது.

அப்படித் திறந்தபோதுதான் உள்ளோரத்திலும் பாட்டி எழுதியிருந்தது தெரிந்தது. பைண்டு செய்வதற்கு முன்பு, இதழ் வந்த அந்தந்த வாரத்திலேயே எழுதியவை அவை. தைத்த பிறகு அவற்றை எழுதியவராலேயே படித்திருக்க முடியாது. ‘இவள் ஊரை விட்டுப் போக மாட்டாள், பார்க்கலாம்’ என்று ஓர் அத்தியாயத்தின் கடைசியில் இருக்கிறது. அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் ‘போய்விட்டாள்’. இன்னோரிடத்தில் ‘இந்த வாரம் கதை நகரவே இல்லை’. ஓவியரையும் விடவில்லை: ‘கதையில் மழை, படத்தில் வெயில்’. எனக்குத் தெரிந்த பாட்டி எல்லாக் கதைகளின் முடிவும் அறிந்தவர். எதைக் கேட்டாலும் ‘நீயே படித்துத் தெரிந்துகொள்’ என்று சிரிப்பவர். இந்த உள்ளோரத்தில் இருப்பவர் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று தெரியாமல் தவித்த ஓர் இளம்பெண். இன்றைய என் வயதைவிடக் குறைந்த வயதுடையவர். அவரது ஊகங்களில் பெரும்பாலானவை தவறிப்போயிருப்பதைப் பார்க்க எனக்கு அலாதியான மகிழ்ச்சி. நான் அந்த நாவலை எப்போதும் ஒரே மூச்சில்தான் படித்திருக்கிறேன், காத்திருந்து படித்ததில்லை. இப்போது வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு, முதலில் என் ஊகத்தை ஒரு தாளில் எழுதிவிட்டு, பிறகு அவருடையதைப் பார்க்கிறேன். மறைந்தவரோடு சேர்ந்து படிப்பது என்றால் வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தாளின் நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதழ்த்தாள் பழுப்பேறி ஒடிவதற்கு நாம் வைத்திருந்த விதம் ஓரளவுதான் காரணம். அதன் பிறப்பிலேயே குறை இருக்கிறது. 1807இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபிரீட்ரிஷ் இல்லிக் படிகாரமும் ரோசின் பிசினும் சேர்த்து மை ஊறாத காகிதம் செய்யும் முறையை வெளியிட்டார். 1840களில் ஃபிரீட்ரிஷ் கோட்லோப் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். இரண்டும் சேர்ந்து காகிதத்தை மலிவாக்கின. வார இதழ் சாதாரண வீடுகளுக்குள் வந்ததே அதனால்தான். அதே படிகாரம் தாளில் அமிலத்தை விட்டுச்சென்றது. மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற வேதிப்பொருள் வெளிச்சத்தில் மஞ்சளாகியது. அமில நீக்கம் செய்யலாம் என்று சொன்னார்கள்; ஆனால் அது மேற்கொண்டு சிதையும் வேகத்தைக் குறைக்குமே தவிர, ஏற்கெனவே ஒடிந்த தாளுக்கு வலுவைத் திருப்பித் தராது என்பதையும் மறைக்கவில்லை. நீரில் நனைக்காத முறையில் செய்தார்கள், பேனா மை கலையவில்லை. விற்கிற இடத்தில் ஒருவர் தன் சரக்கின் எல்லையைத் தானாகச் சொல்வது அபூர்வம்.

வாசனை மட்டும் போய்விட்டது. பாட்டி புத்தக அலமாரியில் அந்துருண்டை போட்டு வைப்பார். அந்த நெடியும் பழைய தாளின் வாசமும் கலந்த ஒன்றுதான் எனக்குப் படிப்பின் வாசனை. அந்துருண்டை நெடி உடம்புக்கு நல்லதல்ல என்று பல நாள் காற்றாட வைத்து எடுத்துவிட்டார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. பழைய தாளின் வாசம் ஓரளவு இருக்கிறது. தாளின் செல்லுலோஸும் லிக்னினும் சிதைந்து வனிலின் போன்ற ஆவியாகும் பொருள்களை வெளிவிடுவதால் வருவது அந்த வாசம். நாம் மூக்கை வைத்து முகர்ந்து மகிழ்வது புத்தகம் அழிந்துகொண்டிருப்பதைத்தான். தெரிந்தாலும் முகரத்தான் செய்கிறேன்.

உள்ளே கிடைத்தவற்றை அவர்கள் கையாண்ட விதம் நேர்த்தியானது. காலண்டர் தாள், மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள், அடையாளத்துக்கு வைத்த தையல் நூல், யாருக்கோ எழுதத் தொடங்கி முகவரியோடு நின்றுபோன ஓர் அஞ்சலட்டை என்று ஒவ்வொன்றையும் தனித்தனி அமிலமற்ற உறையில் போட்டு, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று உறைமேல் பென்சிலால் எழுதித் தந்தார்கள். துருப்பிடித்த குண்டூசியை மட்டும் நீக்கிவிட்டு, நீக்கியதாகக் குறிப்பும் வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே உறையில் அள்ளிப் போட்டிருந்தால், அவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்பது போயிருக்கும்.

இனிக் குறைகள். பெரிய குறை ஸ்கேன். சீரமைப்புக்கு முன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து தருவதாகச் சொல்லி, அதைத் தனிக் கட்டணச் சேவையாக வைத்திருக்கிறார்கள். வந்த கோப்பு சாம்பல் நிறம்கூட இல்லாத வெறும் கறுப்பு வெள்ளை. அச்சு எழுத்து கணீரென்று தெரிகிறது. மங்கிய பென்சில் கோடுகள் அடியோடு காணாமற்போயிருக்கின்றன. ஓரக்குறிப்புக்காகவே வரும் வாடிக்கையாளரிடம் இப்படி ஒரு கோப்பைக் கொடுப்பது, இவ்வளவு கவனமான வேலைக்குப் பக்கத்தில் பொருந்தாமல் நிற்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் பியேர் த ஃபெர்மா, பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் டயோஃபான்டஸின் நூலின் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகளை, அவர் 1665இல் இறந்த பிறகு, மகன்தான் அந்நூலோடு சேர்த்து 1670இல் அச்சிட்டார். தந்தையின் கையெழுத்துள்ள அந்தப் பிரதி பின்னால் தொலைந்துபோனது. கணித உலகம் 300 ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டிய ‘ஃபெர்மாவின் கடைசித் தேற்றம்’ மகன் எடுத்த படியின் வழியாகவே நமக்குக் கிடைத்தது. என் பாட்டியின் ‘ஐயோ’க்கள் கணிதம் அல்ல என்றாலும், அசல் ஒருநாள் போகும், படிதான் மிஞ்சும் என்பது இரண்டுக்கும் பொது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் வண்ணத்தில் எடுத்திருந்தாலே போதும். கேட்டபோது மறுபடி எடுத்துத் தர ஒப்புக்கொண்டார்கள், அதற்குப் புத்தகங்களை மீண்டும் அனுப்ப வேண்டும் என்றார்கள்; நான் அனுப்பவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துக் கைபேசியிலேயே படம் எடுத்துக்கொண்டேன். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பென்சிலின் மினுமினுப்பு எழுந்துவருகிறது. முழுதாக அழிந்த இடத்தில்கூட எழுத்தின் பள்ளம் தெரிகிறது.

இரண்டாவது குறை சிறியது, ஆனால் இந்தக் குடும்பத்தில் மன்னிக்க முடியாதது. மூன்றாவது புத்தகமான சிறுகதைகள் பசையால் மட்டும் ஒட்டிய மெல்லட்டைப் பதிப்பு. பசை காய்ந்து பக்கங்கள் உதிர்ந்ததால் புது அட்டை போட வேண்டியதாயிற்று. அதன் முதுகில் அவர்கள் அச்சிட்டு ஒட்டிய தாளில் ‘சிறுகதை தொகுப்பு’ என்று இருந்தது. மாற்றித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விடுபட்ட ‘த்’தைப் பென்சிலால் செருகிவைத்தேன்.

அகராதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதுகுத் துணியை மாற்றி, பழைய அட்டையையே மீண்டும் பொருத்தியிருக்கிறார்கள். தினமும் எடுத்துப் புரட்டுகிறேன், தாங்குகிறது.

யாருக்கு இந்தச் சேவை பொருந்தும் என்றால், கடையில் மீண்டும் வாங்க முடிந்த, எழுத்தில்லாத புத்தகத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள நல்ல பைண்டரிடம், ஓரம் வெட்ட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தால் போதும். அலமாரியில் அழகுக்கு நிற்க வேண்டும் என்பவர்களுக்கும் இது ஏமாற்றமே தரும். கறை, மடிப்பு, பழுப்பு எல்லாம் அப்படியே திரும்பி வரும். பூச்சி அரித்த புத்தகம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைத் தனியாகப் பையிலிட்டு மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையவைத்து, பூச்சியும் முட்டையும் செத்த பிறகே மற்றவற்றோடு வைக்கிறார்கள், அதனால் வேலை இன்னும் தள்ளிப்போகும். அவசரக்காரர்களுக்கு எப்படியும் உகந்ததல்ல. இடையில் தகவலும் தாமாகத் தருவதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

அதே இதழில் வந்த இன்னொரு தொடரின் தொகுதி வீட்டில் இருக்கிறது, அதுவும் பக்கவாட்டில் தைத்ததுதான். அதை அடுத்து அனுப்பப்போகிறேன். ஸ்கேன் மட்டும் வேண்டாம் என்று படிவத்தில் எழுதிவிட்டேன்.